எட்டிப் பார்க்க ஒரு தாழ்ப்பாள்

கர்ர்ர்... கர்ர்ர்... ஊர் விளக்கணைத்துப் படுத்த பிறகு அந்தச் சத்தம் தொடங்கும். தானியம் போடாமல் வெறும் திரிகையைச் சுற்றுகிற சத்தம். கொற்றன் வீட்டிலிருந்துதான் வரும். கேட்டவர்கள் பக்கத்தில் கிடக்கும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள்.

கிள்ளிவர்மன் என்றொரு ராஜா வெண்கரை நாட்டை ஆண்டுவந்த காலம் அது. நல்ல ராஜாதான், ஆனால் காலையில் யானைக்குப் பட்டம் கட்டுவார், மாலையில் அதே யானையைப் பட்டினி போடுவார். அவர் நியமிக்காத பதவி ஒன்றே ஒன்று, பெரிய ஏரியின் காவல். அதற்கு மட்டும் ஊர்மக்கள் குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். போன மழையில் கரை உடையப் பார்த்தபோது விடிய விடிய மண் சுமந்த கொற்றன்தான் அப்போது காவலன். இந்த முறை அவனை எதிர்த்துக் கடம்பன் நின்றான். மண்வெட்டியைத் தொட்டறியாதவன். ஆனால் அரசவையில் பெரிய வாய்க்காரரான தத்தனுக்கு மைத்துனன்.

தத்தன் அவையில் எழுந்தார். "மகாராஜா, கொற்றன் வீட்டில் பேய் மாவரைக்கிறது. பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். வீட்டையே அடக்கத் தெரியாதவன் ஏரியை எப்படிக் காப்பான்? ஓலை போடுகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா?"

"அதுதானே!" என்றார் ராஜா. "அவன் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கட்டும்."

உடனே கழற்றிவிட்டார்கள். கொற்றன் மனைவி நாச்சி சமீபத்தில்தான் பிள்ளை பெற்றவள். கண் அசந்தால் குழந்தையை யாரோ தூக்கிப் போய்விடுவார்கள் என்று அவளுக்குப் பயம். தூங்கிவிடாமல் இருக்கத்தான் திரிகையைச் சுற்றினாள். இப்போது அதையும் விட்டுவிட்டு, கதவில் முதுகை முட்டுக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

கொற்றன் மந்திரி ஐயாறனிடம் ஓடினான். "ஐயா, எனக்குப் பதவி வேண்டாம். தாழ்ப்பாளை மட்டும் வாங்கிக் கொடுங்கள்."

"நீ விலகினால் மழைக்குக் கடம்பன்தான் காவல். ஊரே கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள், அப்பா."

மறுநாள் கொற்றன் வீட்டு முன்னால் வேடிக்கை பார்க்கத் திருவிழாக் கூட்டம். வாசலை அடைத்துக்கொண்டு ஐயாறன் ஒரு கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

"வாருங்கள், வாருங்கள்! ராஜா கட்டளை, தாராளமாகப் பார்க்கலாம். உள்ளே போகிறவர் தன் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றி இதில் போட்டுவிட்டுப் போங்கள். ஓலை போட்டு முடியும்வரை உங்கள் வீட்டையும் ஊர் வந்து பார்க்கும்."

"இதென்ன கூத்து?" என்றார் முன்னால் நின்ற எண்ணெய் வியாபாரி.

"பார்க்க வருகிறவரின் யோக்கியதை உள்ளே இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டாமா?"

வியாபாரி தலையைச் சொறிந்தார். "இல்லை... மாமியார் வந்திருக்கிறாள். அவளும் என் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது வெளியே தெரிந்தால் என்னிடம் எவன் எண்ணெய் வாங்குவான்?" என்று நழுவினார். அவர் பின்னால் பாதிக் கூட்டம் நழுவியது.

ராஜாவோடு தத்தன் வந்து சேர்ந்தார். "ராஜ கட்டளையை மறிக்கிறீரா, மந்திரியாரே?"

"ஐயோ, இல்லை. உங்கள் தாழ்ப்பாள் எங்கே, தத்தரே?"

"போடுங்க தத்தரே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். "வீட்டம்மா உங்களுக்குச் சோறு போடுறாங்களா இல்லையான்னு நாங்களும் பார்க்கிறோம்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, நானே போய்ப் பார்க்கிறேன்."

ஐயாறன் வணங்கிக் கூடையை நகர்த்தினார். "அந்தப்புரத் தாழ்ப்பாள், மகாராஜா."

ராஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மூத்த இளவரசன் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து ராணி அவரோடு பேசுவதில்லை. "மந்திரி," என்றார் மெதுவாக, "அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். அதைப் போய் ஊர் பார்க்கலாமா?"

"கூடாது, மகாராஜா. அதைத்தான் சொல்ல வந்தேன்."

அப்போது 'ணங்' என்று கூடையில் ஏதோ விழுந்தது. உப்பு விற்கும் வல்லி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். "என் தாழ்ப்பாள், ஐயா. நான் வேடிக்கை பார்க்க வரலை. எனக்கும் பிள்ளை பிறந்தப்போ இதே பயம்தான். அவளோட கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன்."

வல்லி குரல் கொடுத்ததும் நாச்சி கதவைவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். வெகுநேரம் கழித்து வல்லி வெளியே வந்தாள். "என்ன பார்த்தாய்? சொல்!" என்று தத்தன் பாய்ந்தார்.

"தூக்கமில்லாத தாயைப் பார்த்தேன். இப்பத்தான் கண்ணசந்தா. கத்தாதீங்க."

ராஜா மந்திரியிடம் கேட்டார்: "அப்படியானால் ஓலை போடுகிறவன் எதையுமே கேட்கக் கூடாதா?"

"ஏரிக்குப் போய்க் கேட்கட்டும், மகாராஜா. கரை கசிகிறதா, கடைசி வயலுக்குத் தண்ணீர் போகிறதா என்று கேட்கட்டும். கொற்றன் அவளை அடித்தால், ஊர்ப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால், நானே கதவை உடைப்பேன். அவள் அழுகிறாள் என்பதற்காக ஓலையை மாற்றிப் போட வேண்டாம்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி வல்லியின் குழந்தைக்குப் போட்டார். வல்லியின் தாழ்ப்பாளை அவளிடமே எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடையைத் தத்தன் தலையில் கவிழ்த்தார். "மைத்துனனையும் கூட்டிக்கொண்டு போய்க் கரைக்கு மண் சுமங்கள்."

ஓலை போட்டபோது கொற்றன்தான் ஜெயித்தான். சிலர் அவனுக்குப் போடவில்லை. தெற்கு மூலையில் கரை கசிகிறது என்றார்கள். அது உண்மைதான், அவனே ஒப்புக்கொண்டான்.

அதெல்லாம் பிறகு. அன்று மாலை ராஜாவே கொற்றன் வீட்டுக்கு நடந்து வந்து, கதவிடுக்கு வழியாக அவர்கள் தாழ்ப்பாளை நீட்டினார். வளையல் போட்ட கை ஒன்று வாங்கிக்கொண்டது. ராஜா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தெருவில் ஒருவரும் இல்லை. நாச்சி உள்ளேயிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.