பண்டிதர் தேடிய மண்டூகம்

அந்தக் காலத்தில் மருதங்குடி நாட்டை இளஞ்சாத்தன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. எட்டு வயதுவரை தாயாரின் ஊரான சிறுகுளத்தில் வளர்ந்தவன். அரண்மனைக்கு வந்து அரசவைப் பாஷை படித்ததில், குளக்கரைப் பேச்சு நாக்கைவிட்டுப் போயிருந்தது.

ஒருநாள் அவைப் பண்டிதர் வாகீசர், ராஜாவின் தும்மலைப் பற்றி நூறு பாட்டுப் பாடினார். ராஜா குளிர்ந்துபோனான். "என்ன வேண்டும், கேளும்."

"சிறுகுளத்து ஊர்க்குளத்தைத் தாருங்கள் பிரபு. தென்னந்தோப்பு வைக்கிறேன். வறண்டு கிடக்கிறது, ஒரு மண்டூகம்கூட இல்லாத குளம்."

"எடுத்துக்கொள்ளும்."

குளம் போனால் சிறுகுளத்துக்கு விதைப்பு ஏது? மந்திரி பொறையன் எழுந்தார். "குடியிருப்பவர்களைக் கேட்காமல் கொடுக்கலாமா அரசே?"

"குளத்துக்குள் யார் குடியிருக்கிறார்கள்?"

"பண்டிதர் இல்லை என்கிறாரே, அந்த மண்டூகங்கள்தான்."

மண்டூகம் என்றால் அரசவைப் பாஷையில் தவளை. அவை சிரித்தது. பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். "மூன்று நாளில் உயிரோடு ஒன்றைக் காட்டினால் குளம் ஊருக்கு. இல்லையென்றால் குளமும் உமது மந்திரி மோதிரமும் பண்டிதருக்கு."

"சம்மதம். ஆனால் நான் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டேன் என்று பேச்சு வரக்கூடாது. பண்டிதரே காவல் போடட்டும், அவரே தேடட்டும்."

'இவருக்கு மூளை மங்கிவிட்டது' என்று பண்டிதருக்கு ஒரே மகிழ்ச்சி. கரையைச் சுற்றி நூறு ஆளை நிறுத்தினார். உள்ளே மிச்சமிருந்த மூன்று குட்டைகளையும் துணி போட்டு வடிகட்டினார். ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாம் நாள் ராஜா வந்தான். வறண்ட குளத்தின் நடுவே பண்டிதர் பாய் விரித்து அமர்ந்திருந்தார்.

"எறும்புகூட என் காவலைத் தாண்டவில்லை பிரபு."

"அந்தச் சாட்சி போதும். எங்கெங்கே தேடினீர்?" என்றார் மந்திரி.

"தண்ணீர் இருந்த இடமெல்லாம். நீரில் வாழ்வது மண்டூகம். நிகண்டைப் பாரும்."

மந்திரி கையசைத்தார். மடை திறந்து மூடும் பெருமாத்தா மண்வெட்டியோடு இறங்கினாள். கோடைதோறும் அங்கே வண்டல் வெட்டுகிறவள். ஓரிடத்தில் குனிந்து பார்த்தாள், ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டினாள். உருண்டையாக ஒரு மண்கட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏதோ கிழங்கு" என்றார் பண்டிதர்.

பெருமாத்தா சொம்புத் தண்ணீரை அதன்மேல் விட்டாள். மண் கரைந்தது. கொழுக்கட்டை போல ஒன்று கண்ணைத் திறந்து, வயிற்றை உப்பிக்கொண்டு முறைத்தது.

ராஜா கிட்டே வந்தான். யாரும் சொல்வதற்கு முன்னால் அவன் வாயே சொன்னது: "நுணல்."

சொன்னபின் அவனுக்கே திகைப்பு. மண்ணுக்குள் உறங்கும் தவளைக்குக் குளக்கரைப் பேர். எங்கே கிடந்தது இந்தச் சொல்?

"வெட்டும்போது கண்டால் திரும்பப் புதைத்துவிடுவோம், இல்லையா?" என்று பெருமாத்தாவைக் கேட்டான்.

"இப்பவும் அப்படித்தான் சாமி. மழைக்கு அதுவே வந்துரும்."

"மடைக்கல் இடுக்கில் இருக்குமே, மேலெல்லாம் சொரசொரவென்று..."

"தேரை."

"ஆமாம், தேரை. தவளை முட்டை பொரிந்தால் கரையெல்லாம் தலைப்பிரட்டை. கையில் அள்ளி, கால் முளைத்துவிட்டதா என்று தினமும் பார்ப்போம். வால் போன அன்றைக்கு ஏனோ அழுகை வரும்."

பண்டிதர் கனைத்தார். "பிரபு, இவை அனைத்துக்கும் மண்டூகம் என்ற ஒரே சொல் போதுமே."

"உம்மிடம் ஒரே சொல் இருந்தது. அதனால் ஒரே இடத்தில் தேடினீர். இவளுக்கு எத்தனை பெயர் தெரியுமோ, அத்தனை இடம் தெரிந்திருக்கிறது."

ராஜா தன் கழுத்து முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். "குளம் ஊருக்கே. பட்டயத்தைப் பண்டிதர் தம் கையாலேயே எழுதட்டும். குளத்தில் குடியிருக்கும் ஒன்றுவிடாமல் பெயர் வரவேண்டும். தெரியாததைப் பெருமாத்தாவிடம் கேட்டு எழுதட்டும்."

பண்டிதர் ஓலையும் எழுத்தாணியும் எடுத்தார். "சொல்லம்மா" என்றார்.

"சொல்றேன் சாமி. அதுக்கு முன்னால கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க பாய்க்குக் கீழயும் ஒண்ணு கிடக்கும்."