பாலை மரமா, முட்செடியா?

ஜமீன் தோட்டத்தில் பாலை ஒன்று நடச் சொல்லியிருந்தார் அவைப்புலவர் தாண்டவக் கவிராயர். தோட்டக்காரன் மாசாணம் ஏழிலைப்பாலை மரக்கன்றை நட்டுவிட்டான்.

"அட மண்டு! பாலை என்றால் பாலைவனத்து முட்செடியடா. ஜமீன்தார் வரட்டும், உன் சீட்டைக் கிழிக்கிறேன்!" என்று சீறினார் கவிராயர்.

வேலை போனால் மாசாணம் குடியிருக்கும் குடிசையும் போய்விடும். ஜமீன்தார் வந்ததும் கைகட்டி நின்றான்.

"எசமான், தப்பு என்னுதுதான். நவராத்திரியில கவிராயர் உங்களை, 'ஊருக்கே நிழல் தரும் பாலையே'ன்னு பாடினாருங்க. நான் மரம்னு நெனச்சுட்டேன். முழங்கால் உயரத்து முட்செடியாமே!"

ஜமீன்தார் மெல்லக் கவிராயர் பக்கம் திரும்பினார்.

"மரந்தான் மகாராஜா! வானளாவிய மரம்!" என்ற கவிராயர், ஓடிப்போய்க் கன்றுக்குத் தாமே தண்ணீர் ஊற்றினார்.