சட்டையும் மெய்யும்

உயிர் வேறு, உடம்பு வேறு என்ற பழைய வழக்கைச் சொல்கிறவர்கள் பாம்பைச் சொல்வார்கள், அதன் புற்றைச் சொல்வார்கள், வாய் பிளந்து கேட்டிருந்த கூட்டத்தைக்கூடச் சொல்வார்கள். பல்லியைச் சொல்வதில்லை. அவள் பெயர் கௌளி.

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் ஒரே மொழி பேசின. உண்மைக்கு மெய் என்று பெயர் இருந்தது. உடம்புக்குச் சட்டை என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தவர் நெடுமேனியார் என்னும் நாகம். பருவந்தோறும் அவர் புற்றின் முன் எல்லோரையும் கூட்டி, காரைமுள்ளில் உடம்பைத் தேய்த்துத் தோலை உரிப்பார்.

"சட்டை அங்கே, நான் இங்கே. உயிரை வெட்ட முடியாது, கடிக்க முடியாது. உடம்பு வெறும் சட்டை" என்பார்.

தவளைகள் கண்ணீர் வடிக்கும். சட்டையைக் கழற்ற விரும்பி முன்வருவோரை அவர் விழுங்கி விடுவிப்பார். விடுதலை அளித்து அளித்து அவர் மேனி மினுமினுத்தது.

அப்படிக் கூடிய ஒரு நாள், கௌளியின் மகள் அரும்பு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"வாடி இந்தப் பக்கம்" என்றாள் கௌளி.

"அழாதேம்மா. சட்டைதானே?"

கௌளி அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. முட்டையோட்டைக் கீறி வெளியே வந்து, முதன்முதலாக மரப்பட்டையைப் பற்றிய அந்தச் சிறு விரல்களைச் சட்டை என்று எவர் சொன்னாலும் அவள் ஒப்பமாட்டாள். புங்கமரத்திலிருந்து இறங்கி, நாகத்துக்கும் மகளுக்கும் நடுவில் நின்றாள்.

"ஐயா, எனக்கு ஓர் ஐயம்."

"பூச்சி பிடிக்கிறவளுக்குத் தத்துவத்தில் ஐயமா? கேளம்மா, கேள்."

கூட்டம் சிரித்தது.

"தாங்கள் உண்பது சட்டையை மட்டுந்தானே?"

"அதிலென்ன சந்தேகம்?"

"அப்படியானால் தங்கள் சட்டையே முள்ளில் தொங்குகிறது. நீளமும் அதிகம். அதை உண்டு பசியாறலாமே, என் மகள் எதற்கு?"

சிரிப்பு நின்றது. நெடுமேனியார் பாய்ந்தார். கௌளியின் வால் அவர் வாயில் அகப்பட்டது. அதுவரை எந்தப் பல்லியும் செய்யாததை அவள் செய்தாள். உடம்பை முறுக்கி, வாலை அறுத்துவிட்டு விலகினாள். நாகம் திகைத்து வாயைத் திறக்க, வால் மண்ணில் விழுந்து துள்ளியது.

கௌளி வலியைப் பொறுத்துக்கொண்டு நாகத்தின் பக்கம் திரும்பினாள்.

"நான் இங்கே நின்று பேசுகிறேன். அங்கே துள்ளுவது யார்? என் உயிர் இரண்டாக அறுந்தது என்றால், உயிரை வெட்ட முடியாது என்றது பொய். உயிர் அறவில்லை, வால் தானாகத் துள்ளுகிறது என்றால், சட்டை எங்கேயாவது துள்ளுமா? தங்கள் சட்டையைத் துள்ளச் சொல்லுங்கள், பார்ப்போம்."

எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். உரித்த தோல் அசைந்தது.

"அசைகிறது! அசைகிறது!" என்று கூவியது ஒரு பக்தத் தவளை.

காற்று நின்றது. தோலும் நின்றது.

"உயிர் என்பது என்னவென்று நான் அறியேன்" என்றாள் கௌளி. "உடம்பு சட்டையில்லை என்பதை அறிவேன். விழுங்குகிறவருக்குத்தான் அது சட்டை."

அரும்பு எழுந்து வந்து தாயின் அருகில் நின்றாள்.

கிழத்தவளை ஒன்று, துள்ளும் வாலைச் சுட்டிக்காட்டி, "மெய்!" என்று கத்தியது. கௌளி சொன்னது உண்மை என்பதே அதன் கருத்து. குஞ்சுகளோ சுட்டிய பொருளுக்கு அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டு, தங்கள் கைகால்களைத் தொட்டுத் தொட்டு, "மெய், மெய்" என்று குதித்தன. யாரும் திருத்தவில்லை. திருத்த என்ன இருந்தது? நெடுமேனியார் புற்றுக்குள் போனார். அதன்பின் அவர் இரையைத் துரத்தித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று முதல்தான் உடம்புக்கும் உண்மைக்கும் ஒரே பெயர். ஒருவர் பேசும்போது பல்லி ஒலித்தால் விரலால் தரையைத் தட்டி, சொன்னது மெய் என்று நாம் ஒப்புவதும் அன்று முதல்தான். கௌளியை யாரும் குருவாக்கவில்லை. வால் மறுபடி வளர்ந்தது, சற்றுக் குட்டையாக. மகளோடு வீட்டுச் சுவர்களுக்குக் குடிபெயர்ந்தாள். பூச்சிகளைத் தின்றாள், தின்னுமுன் எதற்கும் உபதேசம் செய்யவில்லை. முதுமை வந்தபோது இறந்தாள், மெய்யாகவே.