எந்தத் தோலானாலும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, குதிரை மேலிருந்து வழுக்கிச் சேற்றில் விழுந்தார்.

அவர் பெயர் கீர்த்திமாறன். நல்ல ராஜாதான். கோபம் மட்டும் சீக்கிரம் வரும். வந்துவிட்டால் காரணம் கேட்க மாட்டார். அன்று காலை, அரண்மனை லாயத்தில் தோல் வேலை செய்யும் வீரணன், ராஜாவின் சேணத்துக்குப் புங்க எண்ணெய் பூசி நிழலில் வைத்திருந்தான். எண்ணெய் தோலுக்குள் ஊறிய பிறகு, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தால்தான் அந்த வேலை முடியும். அதற்குள் ராஜாவுக்குத் திடீரென்று நகர்வலம் போக ஆசை வந்துவிட்டது. தன் சுறுசுறுப்பைக் காட்ட நினைத்த மந்திரி ஏகாம்பரம், "சாமி, இன்னும் துடைக்கலீங்க!" என்று வீரணன் கத்தக் கத்தச் சேணத்தைத் தூக்கிவரச் செய்து குதிரை மேல் போட்டுவிட்டார். கடைத்தெரு முனையில் குதிரை வலப்பக்கம் திரும்பியது. ராஜா நேராகப் போனார்.

சேற்றோடு அரண்மனைக்குத் திரும்பிய ராஜா, "சேணத்துக்கு எண்ணெய் பூசியவன் எவன்?" என்றார். வீரணனைச் சிறையில் தள்ளினார்கள். அதோடும் கோபம் தணியவில்லை. "இனி என் நாட்டில் யாரும் தோலுக்கு எண்ணெய் பூசக்கூடாது. பூசினால் சிறை!" என்று உத்தரவு போட்டார்.

சபையில் குழைக்காதன் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜா மனம் விட்டுச் சிரிப்பது அவன் பேச்சுக்குத்தான். மனம் மாறுவதும் பல சமயம் அவன் பேச்சால்தான். அதனாலேயே ஏகாம்பரத்துக்கு அவனைக் கண்டால் வயிறு எரியும். இன்று அவனை ஒழிக்க வழி கிடைத்துவிட்டது என்று அவர் முன்னால் வந்தார்.

"மகாராஜா, இந்த ஆணையை நிறைவேற்றும் பொறுப்பைக் குழைக்காதரிடமே ஒப்படைக்கலாம். கெட்டிக்காரர். ஆனால் யாராவது எண்ணெய் பூசியதை அவர் கண்டும் காணாமல் விட்டால், அவரை நாடு கடத்த வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

குழைக்காதன் பணிவாகக் கேட்டான்: "பிரபு, தோல் என்றால் சேணம் மட்டும்தானா?"

ஏகாம்பரம் குறுக்கே பாய்ந்தார். "சேணம் என்று எழுதினால் செருப்புக்கு விலக்குக் கேட்பார். மாட்டுத் தோல் என்று எழுதினால் ஆட்டுத் தோலுக்கு வழி தேடுவார். ஆகவே, 'எந்தத் தோலானாலும், யாருடைய தோலானாலும்' என்றே ஆணை இருக்கட்டும், மகாராஜா!"

ராஜா தலையசைத்தார். குழைக்காதன் ஆணையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அது மார்கழி மாதம். மழை நின்று வறண்ட பனிக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. அந்த நாட்டில் கிணற்றுப் பாசனம்தான். மாடு பூட்டி, பெரிய தோல்பறியில் தண்ணீர் இறைப்பார்கள். அந்தப் பறிக்கு அவ்வப்போது எண்ணெய் காட்டாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும். சில நாளிலேயே ஊர் ஊராகப் பறிகள் வெடித்தன.

செங்கமலம் என்ற உழவர் வீட்டுப் பெண், வெடித்த பறியைத் தோளில் சுமந்துகொண்டு குழைக்காதன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பாருங்க சாமி! பறி மேல வர்றதுக்குள்ள பாதித் தண்ணி கெணத்துக்கே போயிடுது. கதிர் வர்ற நேரத்துல பயிர் வாடுது. புள்ளைங்களுக்கு நான் என்னத்தைப் போடுவேன்? வெடிச்சதைத் தைச்சு, யாருக்கும் தெரியாம ஒரு கை எண்ணெய் தடவிக்கிறேனே?"

குழைக்காதன் பறியைத் தொட்டுப் பார்த்தான். வெடிப்பு ஒவ்வொன்றிலும் விரல் நுழைந்தது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் தெருமுனையில் ஏகாம்பரத்தின் ஆட்கள் நின்று கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம் தாயே. நீ சிறைக்குப் போவாய். நான் நாட்டை விட்டுப் போவேன். பயிர் அப்படியேதான் கிடக்கும். சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்."

"சனிக்கிழமை என்ன சாமி?"

"ராஜா எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள்" என்றான் குழைக்காதன்.

சனிக்கிழமை காலை ராஜா இடுப்பில் சிறு துண்டோடு மணையில் உட்கார்ந்திருந்தார். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் மணத்தது. பணியாள் ஒரு கை எண்ணெயை அள்ளினான். அந்த நேரம் பார்த்துக் குழைக்காதன் காவலர்களோடு நுழைந்து, "நிறுத்து!" என்றான்.

"என்ன வேடிக்கை இது?" என்றார் ராஜா.

"வேடிக்கை இல்லை, பிரபு. 'எந்தத் தோலானாலும், யாருடைய தோலானாலும்' என்று தங்கள் ஆணை சொல்கிறது. மகாராஜாவின் மேனியில் போர்த்தியிருப்பதும் தோல்தானே? கண்டும் காணாமல் விட்டால் நாடு கடத்தப்படுபவன் நான். மேலிருந்து கீழே வருவதுதான் முறை என்று அரண்மனையில் தொடங்கியிருக்கிறேன். அடுத்தது மந்திரி வீடு."

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. ரோஷம்தான் ஜெயித்தது. "நான் சொன்ன சொல்லை நானே மீறுவேனா? எண்ணெய் இல்லாவிட்டால் உயிரா போய்விடும்? எடுத்துப் போ!" என்றார்.

உயிர் போகவில்லை. ஆனால் மார்கழிக் காற்று யார் எவர் என்று பார்க்கவில்லை. ராஜாவின் உதடு வெடித்தது. குதிகால் பிளந்தது. முழங்கையில் தோல் செதில் செதிலாக உரிந்தது. அடுத்த நாட்டுத் தூதர் ஓலை வாசித்துக்கொண்டிருந்தபோது ராஜா சிம்மாசனத்தின் சாய்மானத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டார். தூதர் அதைப் பார்க்காதது போல இருக்க மிகவும் பாடுபட்டார்.

மந்திரி ஏகாம்பரத்துக்கு வழுக்கைத் தலை. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் காய்ந்தது. மற்ற மந்திரிகள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து நின்ற ஒரு நாளில், அவர் தலை மட்டும் பளபளவென்று மின்னியது. குழைக்காதன் மெல்ல அவர் பின்னால் போய், தன் வெள்ளை உத்தரீயத்தால் அந்தத் தலையை ஒற்றியெடுத்து, சபைக்கு விரித்துக் காட்டினான். நடுவில் வட்டமாக எண்ணெய்க் கறை.

"காவலரே, இவரைப் பிடியுங்கள். தோலுக்கு எண்ணெய் பூசியிருக்கிறார்."

ஏகாம்பரம் அலறினார். "மகாராஜா, இது அநியாயம்! இது என் தலை! எண்ணெய் வைக்காவிட்டால் வெடித்து ரத்தம் வருகிறது. உயிருள்ள தோலும் செத்த மாட்டின் தோலும் ஒன்றாகுமா?"

"ஒன்றாகாதுதான், மந்திரியாரே" என்றான் குழைக்காதன். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "உயிருள்ள தோலுக்கு உடம்பு உள்ளிருந்தே எண்ணெய்ப் பசை ஊட்டுகிறது. அப்படியிருந்தும் உங்களால் பத்து நாள் தாங்க முடியவில்லை. மாடு செத்த பிறகு அதன் தோலுக்கு ஊட்ட யார் இருக்கிறார்கள்? வீரணனின் கை இருந்தது. அது துடைத்து முடிப்பதற்குள் நீங்கள் சேணத்தைத் தூக்கிவரச் செய்தீர்கள், பிறகு அதையே சிறையில் வைத்துவிட்டோம். செங்கமலம் போன்றவர்களின் கை இருந்தது. அதைக் கட்டிப்போட்டுவிட்டோம். கிணற்றுப் பறி எல்லாம் வெடித்து, கதிர் முற்றாமல் பயிர் வாடுகிறது, பிரபு."

ராஜா தன் முழங்கையைப் பார்த்தார். மந்திரியின் தலையைப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்ததும் வெடித்த உதடு வலித்தது, "ஆ!" என்று உதட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"போதும், குழைக்காதா! என் தோலைக் கொண்டே எனக்குப் புத்தி சொல்லிவிட்டாய். ஆணை ரத்து. வீரணனை மரியாதையோடு அழைத்து வாருங்கள். அரண்மனைச் செக்கு எண்ணெய் முழுவதும் இன்றே கிணற்றுப் பறிகளுக்குப் போகட்டும். ஏகாம்பரம், பொங்கல் வரைக்கும் நீர் லாயத்தில் சேணங்களுக்கு எண்ணெய் பூசும். வீரணன் போதும் என்று சொல்கிறவரை துடைக்கவும் வேண்டும்."

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார். அதோடு விடவில்லை. கிழமை பார்க்காமல் எண்ணெய் காய்ச்சச் சொல்லி, பக்கத்தில் இன்னொரு மணை போட்டு, அவனையும் உட்கார வைத்தார். எந்த மந்திரிக்கும் கிடைக்காத மரியாதை அது.

தலையில் எண்ணெய் இறங்க இறங்க ராஜா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "அது சரி. நான் பிடிவாதமாகவே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"அந்தப்புரத்தைக் கடைசிக்கு விட்டுவைத்திருந்தேன், பிரபு. நாளைக்கு மகாராணியின் கூந்தல் தைலத்துக்குக் காவல் போடுவதாக இருந்தது. அதற்குப் பிறகு தங்களை வழிக்குக் கொண்டுவருவது என் பொறுப்பாக இருந்திருக்காது."

ராஜா சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் உருண்டு, குளியலறை முழுக்க நல்லெண்ணெய் ஓடியது.