சண்டைப் பாட்டு

கடலோரத்து ஊர் ஒன்றில் ஆமோஸ் என்றொரு பாட்டுக்காரன் இருந்தான். அவன் வீட்டில் ஓர் ஆர்மோனியமும் விசுவாசமும் குடியிருந்தன. விசுவாசம் அதிகம் பேசாது. ஆமோஸ் பாட ஆரம்பித்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவன் கட்டிய பாட்டுகளைத்தான் சபை ஞாயிறுதோறும் பாடியது. அவன் குரல் எழும்பினால், கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அப்போதெல்லாம் ஆர்மோனியத்துக்குப் பெருமை தாங்காது.

பிறகு இசக்கிமுத்து அந்த வீட்டுக்கு வந்தான். படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். அவனும் ஆமோசும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். கணவனும் மனைவியும் வாழ்வதுபோல் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஊர் கேட்டபோது ஆமோஸ் ஒளிக்கவில்லை. "ஆமா" என்றான்.

சபை மூப்பர் ஞானாபரணம் கொதித்துப்போனார். "ஆமோசு, அவனை அனுப்பிரு. சபை முன்னாடி மன்னிப்புக் கேளு. இல்லேன்னா கோயில் பக்கம் பாட வராத."

"இத்தனை வருசமா நான் பாடினதை ஆண்டவர் கேட்டாரா இல்லையா, அண்ணாச்சி?"

"கேட்டாரு. நீ இப்படின்னு அப்ப எங்களுக்குத் தெரியாது."

"அவருக்குத் தெரியுமே" என்றான் ஆமோஸ்.

வீட்டுக்கு வந்தவன் ஆர்மோனியத்தை மூடினான். விசுவாசத்தைப் பார்த்துக் கத்தினான்: "நீயும் கிளம்பு! உன் ஆளுக எல்லாம் கோயில்ல இருக்காங்க."

"நான் வளந்தது இங்கதானே, ஆமோஸ்" என்றது விசுவாசம். அவன் காதில் வாங்கவில்லை. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அது எங்கும் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது.

மாதங்கள் போயின. மூடிக்கிடந்த ஆர்மோனியத்துக்கு மூச்சு முட்டியது. ஒரு காலையில் ஆமோஸ் அதைத் திறந்தான். வந்தது துதிப்பாட்டு அல்ல.

*நீயே செய்த நெஞ்சிது, நீயே சொல்,*
*எந்தக் குறைக்காய் என்னைத் தள்ளுகிறாய்?*
*நீ வாய் திறக்கும்வரை நான் நகரேன்.*

ஆர்மோனியம் வெலவெலத்துப்போயிற்று. "ஆண்டவரைப் போய் இப்படிக் கேக்கலாமா?"

"இல்லாதவர்கிட்ட யாராவது சண்டை போடுவாங்களா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "ஆமோஸ், கதவைத் திற."

ஆமோஸ் திறந்தான். அழுதான். விசுவாசம் உள்ளே வந்து, ஒன்றும் நடக்காததுபோல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து தினமும் அந்தப் பாட்டைப் பாடினான். தெருவில் போகிறவர்கள் காதிலும் அது விழுந்தது.

அந்த மழைக்காலத்தில் மூப்பரின் ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கத்தன்று காலையில் ஞானாபரணம் ஆமோஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவன் இசக்கிமுத்து. அவர் தலை குனிந்தபடி உள்ளே வந்தார்.

"ஆறுதல் பாட்டெல்லாம் பாடிட்டாங்க, ஆமோசு. ஒண்ணும் உள்ள இறங்கல. எனக்கு அவர்கிட்ட 'ஏன்'னு கேக்கணும். எப்படிக் கேக்கதுன்னு தெரியல. உன் பாட்டுக்குத்தான் அது தெரியுது."

இப்போது இந்த ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் யார் குறை சொல்வார்கள் என்று நினைத்தது ஆர்மோனியம். ஆமோஸ் எழுந்து போய் மூப்பரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"வர்றேன் அண்ணாச்சி. இசக்கியும் வருவான். எனக்குப் பக்கத்துல நிப்பான்."

மூப்பர் இசக்கிமுத்துவைப் பார்த்தார். குனிந்து ஆர்மோனியத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். இசக்கிமுத்து ஓடிவந்து மறுபக்கத்தைத் தாங்கினான்.

ஆமோஸ் முன்னால் நடந்தான். இரண்டு பேர் கைகளுக்கு நடுவில் ஆடியபடி வந்த ஆர்மோனியம் மெல்லக் கேட்டது: "எங்க போறோம்?"

"ஆண்டவரோட சண்டை போட" என்றது கூட நடந்த விசுவாசம். "இன்னைக்கு நம்ம பக்கம் ஒரு ஆள் கூடியிருக்கு."