செண்பகாவோட குண்டு சென்சார்

கடல் என்ன கலருன்னு கேட்டா எல்லாரும் சேந்து நீலம்னு கத்துவீங்க. எனக்குத் தெரியாதாடா உங்களை? ஊதாச் சட்டை வாங்கப் போய் பச்சைச் சட்டையோட திரும்பி வந்தவன் இந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருக்கான். பேரைச் சொல்ல மாட்டேன். மூஞ்சியைப் பாத்தாலே தெரியும்.

சரி, கேளுங்க. நடுவுல எவனாவது போனை நோண்டினா கதை அங்கயே நின்னுடும்.

தூத்துக்குடியில ஒரு கடல் ஆராய்ச்சிக் கூடம். அங்க எனக்குக் கயிறு இழுக்குற வேலை. காலேஜைப் பாதியில விட்டவனுக்கு வேற என்ன குடுப்பாங்க, கப்பலா? அங்க தலைவி ரெஜினா மேடம். ரொம்பப் பேச மாட்டாங்க. அவங்ககிட்ட ஆராய்ச்சி பண்ண வந்தவ செண்பகா, கோவில்பட்டிக்காரி.

செண்பகா ஒரு சென்சார் செஞ்சா. கடலுக்குள்ள கீழ பாத்துத் தொங்கும். தண்ணிக்குள்ள போற வெயில்ல எவ்வளவு திரும்ப மேல வருது, என்ன கலர்ல வருதுன்னு அளக்கும். அதை வெச்சுக் கடல்ல பாசி எவ்வளவு, சேறு எவ்வளவுன்னு சொல்லிடலாம்.

சொல்லிடலாம்னுதான் அவளும் நெனச்சா. அது என்னடான்னா எப்ப இறக்கினாலும் கடல் இருட்டா இருக்குங்குது. வெளிநாட்டுக் கருவி ஒண்ணு இருக்கு, ஒல்லியா, முருங்கைக்காய் மாதிரி. அதை எறக்கினா நல்ல வெளிச்சம்ங்குது.

"என் சென்சாருக்குப் பார்வை பத்தல"ன்னா செண்பகா.

பெரிய பேட்டரி வெச்சா. அது பத்தலன்னு இன்னொண்ணு. அதுக்கெல்லாம் சேத்து ஒரு இரும்பு உறை. மொதல்ல தண்ணி பாட்டில் சைஸ்ல இருந்தது, ஆறு மாசத்துல கேஸ் சிலிண்டர் ஆயிடுச்சு. தூக்குனவன் நான். என் இடுப்பைக் கேளுங்க, அது சொல்லும்.

அவ பெருசாக்கப் பெருசாக்க, கடல் இன்னும் இருட்டாச்சு.

கடைசிச் சோதனை வந்துச்சு. அன்னைக்கும் சரியா வரலன்னா இவளோடதை மூட்டை கட்டிட்டு வெளிநாட்டுதையே வாங்கிக்கலாம்னு மேலிடத்துல சொல்லியாச்சு. படகுல ஏற வந்தவ கையில துணிப் பை.

"எதுக்கு இது?"ன்னு கேட்டேன்.

"சாயங்காலம் ஊருக்குப் போறேன்."

"சோதனையே முடியலயே?"

"அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. நீ கயித்தைப் புடி."

நடுக்கடல். உச்சி வெயில் மண்டையைப் பொளக்குது. சென்சாரை எறக்கினேன். செண்பகா லேப்டாப் திரையைப் பாத்தா. அப்புறம் பாக்கவே இல்ல.

"மேடம், என் சென்சாருக்கு ஏன் கண்ணு தெரிய மாட்டேங்குது?"

ரெஜினா மேடம் எந்திரிச்சாங்க. மீன் போடுற பக்கெட்டோட வெள்ளை மூடியை எடுத்தாங்க. கயித்துல கட்டி, ஒரு கல்லையும் சேத்துக் கட்டி, தண்ணிக்குள்ள ரெண்டு முழம் எறக்கினாங்க.

"எட்டிப் பாரு."

செண்பகா படகு ஓரத்துல குனிஞ்சா.

"என்ன தெரியுது?"

"மூடி. நடுவுல கறுப்பா ஒரு திட்டு."

"தள்ளிப் போய்ப் பாரு."

தள்ளிப் போனா. "திட்டும் கூடவே வருது மேடம்."

"இந்தப் பக்கம் வா."

வந்தா. கொஞ்ச நேரம் அப்படியே குனிஞ்சு நின்னா. மெதுவா தலையை இடது பக்கம் சாய்ச்சா. வலது பக்கம் சாய்ச்சா. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கிட்டேன்.

"மேடம், அது என் தலை."

மேடம் என்னைப் பாத்து சென்சார் கயித்தைக் காட்டினாங்க. இழுத்து, மூடிக்கு மேல வர்ற மாதிரி நிறுத்தினேன். வெள்ளை மூடியில வட்டமா, தோசைக்கல் சைஸ்ல ஒரு கறுப்பு. சென்சாரோட கண்ணு சரியா அந்தக் கறுப்பைத்தான் பாத்துட்டிருந்துச்சு.

செண்பகா நிமிந்தா. சென்சாரை மேல ஏத்தச் சொன்னா. ஸ்பேனரை எடுத்து இரும்பு உறையைக் கழட்டினா. பின்னாடி சேத்த பேட்டரியெல்லாம் கழட்டினா. உள்ள பழைய பாட்டில் சைஸ் சென்சார், அதோட சின்ன பேட்டரியோட அப்படியே இருந்துச்சு. அதை மட்டும் எறக்கினோம்.

திரையில நம்பர் ஏறுச்சு.

"வருது மேடம்! ஆனா இன்னும் கொஞ்சம் கம்மி."

"அது இந்த பாட்டிலோட நிழல்."

"நிழலே விழாம எப்படிச் செய்யுறது?"

"உள்ள எறங்குற எதுக்கும் நிழல் விழும். எவ்வளவுன்னு அளந்து கணக்குல சேத்துக்கோ."

செண்பகா தலையாட்டினா. திரும்பித் திரையைப் பாத்தா. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனா மேடம் பக்கம் திரும்பிக் கேட்டா.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா மேடம்?"

"உறை போட்ட அன்னைக்குத் தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? என் மேசைப் பக்கம்கூட நீங்க வரல. உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க."

மேடம் மூடியை மேல இழுத்து, கயித்தை அவுத்தாங்க.

"வந்தேன். நான் வந்து நின்னதும் உன் கையில இருந்த, வயரைப் பத்த வைக்குற சால்டரிங் அயர்ன் கீழ விழுந்துச்சு. அடுத்த வாரமும் வந்தேன். என்ன செய்யுறன்னு கேட்டேன், ஒண்ணுமில்ல மேடம்னு எல்லாத்தையும் துணி போட்டு மூடிட்ட."

"பயம் மேடம்."

"கிட்ட வந்தா நீ எனக்குத் தெரியலம்மா. அதான் தள்ளி நின்னு பாத்தேன். கொஞ்சம் ரொம்பவே தள்ளி நின்னுட்டேன் போல."

செண்பகா முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டா.

எப்பவும் வாயை மூடாத நான்கூட அன்னைக்குப் பேசல. ஏன்னா அவ சொன்ன அந்த "எல்லாரும்" நான் ஒருத்தன்தான்டா.