மடத்துக்கு வண்டி பார்த்த கதை

"வண்டி அமைய மாட்டேங்குதுங்க சாமி," என்றார் அர்த்தநாரி.

மடத்துச் சாமியம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்னங்ணா குறை?"

"ஒண்ணுக்கு டயர் வழுக்கை. ஒண்ணுக்கு நம்பரைக் கூட்டினா எட்டு வருது. இன்னொண்ணு எல்லாம் சரிதானுங்க, ஆனா விக்கிறவன் அழுதான். அவ்வளவு பாசம் இருக்கிற வண்டியை ஏன் விக்கோணும்?"

"பொறவு?"

"அடுத்த ஆளு சிரிச்சுக்கிட்டே வித்தானுங்க. அது அதைவிடச் சந்தேகம்."

சாமியம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அர்த்தநாரி சங்ககிரிப் பக்கம் இருந்த அந்தக் கரட்டடி மடத்துக்கு வந்து சேர்ந்தது போன ஐப்பசியில். தறிப்பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடிக் கிளம்பிய மனிதர். அதற்கு முன் அவர் ஏறி இறங்காத மடம் இல்லை. ஒரு சாமியார் நன்றாகப் பேசினார், ஆனால் குறட்டை விட்டார். இன்னொருவர் பேசவே இல்லை. பேசாதவரிடம் எதைக் கற்றுக்கொள்வது? இந்தச் சாமியம்மாவோ அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதுவும் அவருக்கு ஓர் உறுத்தல்தான். ஆனாலும் சாப்பாடு நன்றாக இருந்ததால் தங்கிவிட்டார்.

கரடு என்கிற அந்தப் பாறைக் குன்றுக்கு மேலே ஓர் ஊர் உண்டு. மேல்வளவு என்று பெயர். அந்த ஊர்க் கிணறு மாசியிலேயே வற்றிப்போனது. மடத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதை டேங்கரில் நிரப்பி, ஓர் இரவல் டிராக்டரில் கட்டி மேலே இழுத்துப் போவார்கள். டிராக்டரின் சொந்தக்காரர் தன் காட்டு வேலைக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மேல்வளவுப் பெண்கள் தலையில் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

டேங்கரை இழுக்கிற மாதிரி ஒரு பழைய பிக்கப் வண்டி பாருங்கள் என்று மடம் அர்த்தநாரியிடம் சொல்லியிருந்தது. அவரும் பார்த்தார். பங்குனி முழுக்கப் பார்த்தார். சித்திரை பிறந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல வண்டியை எப்படிங்க சாமி கண்டுபுடிக்கிறது?"

சாமியம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முத்தம்மாளுக்குக் கை எப்படி இருக்குதுங்ணா?"

முத்தம்மாள் மேல்வளவுக்காரி. முந்தின நாள் குடத்தோடு வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டவள்.

இது பதிலா, இல்லை பேச்சை மாற்றுகிறாரா என்று அர்த்தநாரிக்கு விளங்கவில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுகிற சாமியார் இந்த ஜில்லாவிலேயே கிடையாது போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் அப்பாவுவின் கன்சல்டிங்கில் அன்று அவருக்கு யோகம் அடித்தது.

வெள்ளை வெளேரென்று நின்றது ஒரு பிக்கப். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. நம்பரைக் கூட்டினால் ஒன்பது.

"எப்படிங்க வண்டி?" என்று கேட்டார் அர்த்தநாரி.

அப்பாவு அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கொட்டாவி விட்டார்.

அர்த்தநாரிக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. டீ குடித்தார். மடத்துக்கு ஓடி வந்தார்.

"கெடச்சிருச்சுங்க சாமி!"

"டேங்கரைக் கட்டி இழுத்துப் பாத்தீங்களாண்ணா?"

அர்த்தநாரிக்குச் சங்கடமாகப் போயிற்று.

"அதெப்படிங்க? இன்னும் நம்ம வண்டி ஆவலையே. அடுத்தவங்க வண்டியில பாரம் கட்டுறது மொறையில்லீங்க. பொண்ணு பாக்கப் போன ஊட்ல, எங்கே அந்த உரலைத் தூக்கு பாக்கலாம்னு சொல்ற மாதிரி ஆயிரும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். பானட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டுவார்கள். காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டுவார்கள். பாரம் கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்க மட்டும் யாருக்கும் வாய் வராது.

"நமக்கு வேண்டியதே உரல் தூக்கத்தானுங்ணா," என்றார் சாமியம்மா.

மறுநாள் காலையில் அப்பாவு வெள்ளை வண்டியை மடத்துக்கே ஓட்டி வந்தார். தண்ணீர் நிரம்பிய டேங்கரைப் பார்த்ததும் அவர் முகம் சற்று வாடியது. ஆனால் வியாபாரி அல்லவா, உடனே சமாளித்துக்கொண்டார்.

"யானையைக் கட்டினாலும் இழுக்குமுங்க."

டேங்கரை மாட்டினார்கள். அர்த்தநாரி முன்சீட்டில் மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தார்.

சாமியம்மா ஏறவில்லை. வேலியோரம் கிடந்த ஒரு பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

"கல்லு எதுக்குங்க சாமி?"

"சும்மாதானுங்ணா."

முதல் வளைவு வரை வண்டி பாடிக்கொண்டே போனது. அடுத்த வளைவில் பாட்டு முனகலாக மாறியது. அதற்கும் அடுத்த வளைவில் கருகல் வாடை வந்தது.

"பக்கத்துக் காட்டுல யாரோ குப்பை எரிக்கிறாங்க," என்றார் அப்பாவு.

வண்டி நின்றது.

பிறகு, பின்னால் போக ஆரம்பித்தது.

அப்பாவு மிதிக்கக்கூடியதை எல்லாம் மிதித்தார். அர்த்தநாரி குலதெய்வத்தைக் கூப்பிட்டார். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். இத்தனை மடம் ஏறி இறங்கியும் சாகும்போது நினைக்க ஒரு நல்ல மந்திரம்கூட ஞாபகம் வரவில்லையே என்று அந்த நேரத்திலும் அவருக்கு வருத்தமாக இருந்தது.

நங்கென்று ஒரு சத்தம். எல்லாம் அசையாமல் நின்றது.

டேங்கர் சக்கரத்துக்கு அடியில் கல் இருந்தது. சாமியம்மா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அர்த்தநாரி இறங்கினார்.

தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு மேல்வளவுப் பெண்கள் பாதி வழி இறங்கி வந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்தார்கள். ஒருத்தி சேலைத்தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கீழே மடத்துக் கிணற்றைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். அர்த்தநாரிக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பாவு தன் கன்சல்டிங்குக்குப் போன் போட்டார்.

"அதை எடுத்துக்கிட்டு வாப்பா."

வெயில் ஏறும் நேரத்தில் அது வந்தது.

அதுவும் ஒரு பிக்கப்தான். ஒரு கதவு பச்சை, ஒரு கதவு நீலம். முன் லைட் ஒன்று இல்லை. ஹாரனும் இல்லை. ஓட்டி வந்தவர் கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே வந்தார். நம்பர் பலகை முழுக்கச் சேறு, கூட்டிப் பார்க்க வழியே கிடையாது.

அர்த்தநாரிக்கு அந்த வண்டி புதிதல்ல. தினமும் அப்பாவுவின் கன்சல்டிங்கில் அதன் பானட் மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டுதான் அவர் மற்ற வண்டிகளைப் பார்த்தார்.

"இது யாருதுங்க?" என்று கேட்டார் சாமியம்மா.

"நம்முளதுதானுங்க. கடை வண்டி. நான் வித்த வண்டி எங்காச்சும் வழியில படுத்துருச்சுன்னா, இதுல கட்டித்தான் இழுத்துக்கிட்டு வருவேன்."

"அடிக்கடி படுக்குமுங்களா?"

அப்பாவு வானத்தைப் பார்த்தார். மழை வரும் அறிகுறி எதுவும் இல்லை.

"மொதல்ல தண்ணி மேல போவட்டுமுங்க," என்றார் சாமியம்மா. "உங்க வெள்ளை வண்டியை எறங்கறப்ப இழுத்துக்கலாம்."

டேங்கரின் எல்லாச் சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, வெள்ளை வண்டியைக் கழற்றி, எல்லோருமாகத் தள்ளி ஓரங்கட்டினார்கள். கடை வண்டியை மாட்டினார்கள்.

அது கிளம்பியது. இருமியது, புகைந்தது, ஊரே கேட்க உறுமியது. பெண்கள் பேசிக்கொண்டே கூட நடந்து வருகிற வேகம்தான். ஆனால் எந்த வளைவிலும் அது நிற்கவில்லை. சாமியம்மா இன்னொரு கல்லோடு பின்னால் வந்தார். பாதி வழியில் அதை ஓரமாகப் போட்டுவிட்டார்.

மேல்வளவில் குழாயைத் திறந்ததும் குடங்கள் முண்டியடித்தன. முதல் செம்புத் தண்ணீரை யாரோ முத்தம்மாளிடம் நீட்டினார்கள். அவள் குடித்தாள். பிறகு வீட்டுக்குள் போய் குங்குமம் எடுத்து வந்து, கட்டுப் போடாத கையால் அந்த வண்டியின் பானட்டில் ஒரு பொட்டு வைத்தாள்.

அப்பாவு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆயுதபூஜைக்குக்கூட அவர் விற்கிற வண்டிகளுக்குத்தான் மாலை போடுவார். இதற்கு ஒரு பூ வைத்ததாகக்கூட அவருக்கு நினைவில்லை.

அர்த்தநாரி அவர் பக்கத்தில் வந்தார். டயரைப் பார்க்கவில்லை. கதவைத் தட்டவில்லை. பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

"இதைக் குடுத்துருங்க."

"இதுங்களா?" அப்பாவு பதறிப்போனார். "இது விக்கிற வண்டி இல்லீங்களே அண்ணா!"

"அதனாலதானுங்க கேக்குறேன்."

அப்பாவுவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் பார்த்து அர்த்தநாரிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"இதைக் குடுத்துட்டா, நடுவழியில படுக்கிற வண்டியெல்லாம் நான் எதை வெச்சுங்க இழுக்கிறது?"

நியாயமான கேள்வி. எல்லோரும் சாமியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரோ கொடுத்த செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடிக்கிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

"ஏனுங்க," என்றார் அர்த்தநாரி, யோசிக்காமல். "படுக்காத வண்டியா வித்துப் பாக்கலாமுங்களே?"

அப்பாவு கீழே சாலையோரம் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்த வெள்ளை வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு ஓட்டி வந்தவரிடமிருந்து சாவியை வாங்கி அர்த்தநாரியின் உள்ளங்கையில் வைத்து, குனிந்து ஒரு கும்பிடு போட்டார்.

"இந்த ரோசனை எனக்கு வரவே இல்லையே சாமி!"

அர்த்தநாரி தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.